எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள்?

போன இதழில் பட்டா பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டேன். இப்போது மேசையில் கிடக்கிறவை பெரும்பாலும் ஒரே சங்கதியைக் கேட்கின்றன: வழக்கு இன்னதென்று சொல்லாமல் ஒரு ஆளைப் போலீஸ் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? எழுதியவர்களின் பெயர்களை நானே எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது. ராமநாதபுரம் கோர்ட்டில் இருபத்தேழு வருடமாக வக்கீலாக நிற்கிறேன். அழுதுகொண்டு படியேறி வருகிறவர்களிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே, தலைப்பில் இருக்கிற கேள்வியைத்தான் கேட்பேன். பல பேருக்கு அது எரிச்சலாக இருக்கும். ‘ஆளையே காணோம்கிறேன், மணி கேக்குறீங்க’ என்பார்கள்.

என் தம்பி விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். திங்கட்கிழமை விடியக்காலம் மஃப்டியில் நாலு பேர் வந்து, ‘சின்ன விசாரணை, சாயங்காலம் அனுப்பிடுவோம்’ என்று கூட்டிப்போனார்கள். புதன்கிழமை ஆகியும் வரவில்லை. ஸ்டேஷனில் கேட்டால், ‘அவன் மேல கேஸ் எதுவும் இல்லம்மா, பயப்படாதீங்க’ என்கிறார்கள். கேஸ் இல்லையென்றால் ஏன் விடவில்லை?
— ஓர் அக்கா, தங்கச்சிமடம்

கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்குப் போன் செய்தேன். தம்பி வியாழக்கிழமை ராத்திரி வீடு வந்துவிட்டதாகச் சொன்னீர்கள். இருந்தாலும் பதிலை எழுதிவிடுகிறேன். நாளைக்கு அதே ஜீப் அடுத்த தெருவில் நிற்கும்.

‘கேஸ் இல்லை’ என்பது காதுக்கு ஆறுதலாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அதைவிட மோசமான பதில் கிடையாது. கேஸ் இல்லாத ஆளை அவர்கள் எந்தச் சட்டத்தை வைத்து உட்கார வைத்திருந்தார்கள்? தம்பி தானாக விரும்பிப் போய் உட்கார்ந்திருந்து, நினைத்தபோது எழுந்து வர முடியும் என்றால் அது விசாரணை. எழுந்தால் தோளை அமுக்கி உட்கார வைக்கிறார்கள் என்றால் அது கைது. விலங்கு மாட்டவில்லை, லாக்கப்பில் போடவில்லை, மாடி அறையில் பெஞ்சில்தான் உட்கார வைத்தோம் என்பதெல்லாம் கதை.

கைது என்று ஆகிவிட்டால் அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு வந்துவிடுகிறது. காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் பக்கத்திலிருக்கிற மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பயண நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் சொச்சம். உச்சிப்புளியில் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 58ஆவது பிரிவில் இதே 24 மணி நேரம்தான்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் எப்படி மூன்று நாள் வைக்கிறார்கள்? காகிதத்தில் கைது நேரத்தை எழுதுகிறது போலீஸ்தான். திங்கட்கிழமை கூட்டிப்போன ஆளை புதன்கிழமை மாலை ‘பேருந்து நிலையம் அருகே சந்தேகத்திற்கு இடமாக நின்றுகொண்டிருந்தபோது’ பிடித்ததாக எழுதிவிட்டால் 24 மணி நேரம் அங்கிருந்துதான் ஓடும். அதனால்தான் மணி கேட்கிறேன்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் பாம்பனிலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டில் கடிகாரம் கிடையாது. மகனை எப்போது கூட்டிப்போனார்கள் என்றால், ‘மெட்ராஸ் வண்டி பாலத்துல ஏறுற சத்தம் கேட்டுச்சு, அப்பத்தான் கதவைத் தட்டுனாங்க’ என்றார். போலீஸ் காகிதத்திலோ கைது மறுநாள் மாலை ஐந்தரை மணி. ரயில் சத்தத்தைக் கோர்ட்டில் சாட்சியாக ஏற்ற முடியுமா என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, அவர் சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். பக்கத்து வீட்டு வாத்தியார் சொல்லிக்கொடுத்து, காலையிலேயே தபால் ஆபீஸுக்குப் போய் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் தந்தி அடித்திருக்கிறார். அதன் ரசீது. வெற்றிலைக் கறை ஏறியிருந்தது, ஆனால் முத்திரையில் தேதியும் நேரமும் சுத்தமாகத் தெரிந்தது. மாஜிஸ்திரேட் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘நீங்க சாயங்காலம் பிடிச்ச ஆளைப் பத்தி இந்தம்மா காலையிலயே எப்படிப் புகார் குடுத்தாங்க?’ என்று கேட்டார். பதில் வரவில்லை.

தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. ஊரே பழைய நினைவில் உருகியபோது நாங்கள் நாலைந்து வக்கீல்கள் உண்மையாகவே வருத்தப்பட்டோம். இப்போது அந்த வேலையைச் செய்ய வேறு வழிகள் இருக்கின்றன. ஆளைக் கூட்டிப்போன பத்து நிமிடத்துக்குள் 112க்குப் போன் செய்யுங்கள். பயனில்லை என்று தெரிந்தாலும் செய்யுங்கள், அழைத்த நேரம் பதிவாகும். எஸ்.பி., கலெக்டர் அலுவலக மின்னஞ்சலுக்கு இரண்டே வரி போதும்: யாரை, எங்கிருந்து, எத்தனை மணிக்கு. அன்றைக்கே அதை ஸ்பீடு போஸ்ட்டிலும் போடுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. காவலில் இருக்கிற எவருக்கும், ஏழை பணக்காரன் பார்க்காமல், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த உதவி உண்டு.

கைதுக் குறிப்பில் வீட்டு ஆள் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இது 1996இல் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் சொன்னது, இன்று சட்டத்திலேயே ஏறிவிட்டது. நேரம் எழுதாமல் காலியாக விட்ட தாளை நீட்டினால் போடாதீர்கள். போட்டே தீர வேண்டிய நிலைமை என்றால், உங்கள் கையெழுத்துக்குக் கீழே நீங்களே தேதியும் மணியும் எழுதிவிடுங்கள். பேனாவை யாரும் பிடுங்கப் போவதில்லை. கைதுக்கான காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும், ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம்) கொண்டுபோகிறதுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலாவது கையில் இருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா வழக்குகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் கேமரா இருக்க வேண்டும் என்பது 2020 தீர்ப்பு. கேமரா ரிப்பேர் என்பது எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கிற பதில், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆள் இங்கே இல்லவே இல்லை என்று சாதித்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. மாஜிஸ்திரேட் ரிமாண்டு செய்த பிறகு பொதுவாக அந்த வழி அடைபட்டுவிடும், அதனால் முதல் நாளிலேயே யோசிக்க வேண்டும். ‘கோர்ட்டுக்குப் போனா பையனை இன்னும் அடிப்பாங்க’ என்று நீங்கள் போனில் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 2025 ஜூனில் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் இறந்துபோன கோயில் காவலாளியை நினைத்துப் பாருங்கள். நகை காணாமல் போன புகாருக்காகக் கூட்டிப்போனார்கள். அவரும் விசாரணையில்தான் இருந்தார்.

என் மாமனாருக்கு 63 வயது. எங்கள் தெருவில் நடந்த அடிதடியைப் பார்த்தவர் என்பதால் தினமும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ராத்திரி வரை உட்கார வைக்கிறார்கள். போக வேண்டுமா?
— சாயல்குடி

சாட்சியாக விசாரிக்க என்றால் வேண்டாம். 60 வயது தாண்டியவர்கள், 15 வயதுக்குக் கீழே உள்ள பையன்கள், பெண்கள், மாற்றுத் திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சி சொல்ல அழைப்பதானால் அவர்கள் குடியிருக்கிற இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். புதிய சட்டத்தில் 179ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் 65 வயது என்று இருந்ததை 60 ஆகக் குறைத்திருக்கிறார்கள், உங்கள் மாமனாருக்கு லாபம். ஆனால் அவர் பெயரையே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்து 35ஆவது பிரிவில் நோட்டீஸ் கொடுத்தால் கதை வேறு, அப்போது போகாமல் இருந்தால் அதையே காரணம் காட்டிக் கைது செய்வார்கள். முதலில் அவர் சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவரா என்று எழுத்தில் கேளுங்கள்.

இலங்கைக் கடற்படை பிடித்த படகுகளை மீட்கச் சொல்லி ஆர்ப்பாட்டம் செய்தோம். எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து ராத்திரி விட்டார்கள். இதெல்லாம் கைதில் சேருமா? கேஸ் உண்டா?
— பாம்பன்

சேரும். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தாலும் வெளியே போக முடியாது என்றால் காவல்தான். குற்றம் நடக்கப்போகிறது என்று தெரிந்து, அதைத் தடுக்க வேறு வழி இல்லை என்றால் முன்கூட்டியே பிடித்து வைக்க 170ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அதற்கும் உச்சவரம்பு 24 மணி நேரம். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் ஒருவர், ‘மத்தியானம் லெமன் சாதம் வர்றதுக்குள்ள விட்டுட்டா அது போராட்டமே இல்ல’ என்பார்.

கேஸ் உண்டா என்பதை மண்டபத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கினார்களே, அந்த நோட்டைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். முதல் தகவல் அறிக்கை போட்டிருந்தால் இரண்டு வருடம் கழித்துப் பாஸ்போர்ட் விசாரணையில் வந்து நிற்கும். வளைகுடா வேலைக்கு விசா வந்த பையன் ஒருவன் இப்படித்தான் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். இப்போதே கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரரை வனத்துறை கடல் அட்டை வைத்திருந்ததாகப் பிடித்து ஆகஸ்ட் 3ஆம் தேதி கோர்ட்டில் நிறுத்தி ரிமாண்டு செய்தார்கள். ஜாமீன் இரண்டு தடவை தள்ளுபடி. ‘60 நாள் ஆனா தானா வந்துரும்’ என்று உள்ளே சொல்லியிருக்கிறார்கள். வந்துவிடுமா?
— வேதாளை

தானாக எதுவும் வராது, தங்கச்சி. கேட்டால்தான் வரும். அதிலும் கேட்கிற நேரத்தில் கேட்டால்தான் வரும்.

ஒருவரை ரிமாண்டில் வைத்துக்கொண்டே காலாகாலத்துக்கும் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. 187ஆவது பிரிவு கெடு வைக்கிறது. மரண தண்டனை, ஆயுள், பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. அவர் செய்தாரா, செய்யவில்லையா என்று நீதிபதி அப்போது பார்க்கக் கூடாது. கடல் அட்டை வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தண்டனை ஏழு ஆண்டு வரை. ஆகவே உங்களுக்கு 60 நாள். (2001க்கு முன்னால் இதே அட்டையை வெளிப்படையாகப் பிடித்து, அவித்து, காய வைத்து விற்றுத்தான் உங்கள் ஊரில் பல வீடுகளுக்கு ஓடு மாறியது. தடை வேண்டும் என்கிறவர்கள் பக்கம்தான் நானும், ஆனால் அந்தத் தொழிலை விட்டவர்களுக்கு வேறு என்ன கொடுத்தோம் என்று யாரும் கேட்டதில்லை. சரி, அது வேறு பேச்சு.)

இப்போது காலண்டரை எடுங்கள். ரிமாண்டு செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும், இதில் இருந்த குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்த்துவிட்டது. ஆகஸ்ட் 3 முதல் 31 வரை 29 நாள். செப்டம்பர் முழுக்க 30. ஆக 59. அக்டோபர் 1 அறுபதாவது நாள். அன்றும் வனத்துறை தன் வழக்கைக் கோர்ட்டில் தாக்கல் செய்யவில்லையென்றால் மறுநாள் காலை உங்களுடையது.

அந்த மறுநாள் அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி, கோர்ட் லீவு. இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லீவு நாளில் ரிமாண்டு பார்க்க ஒரு மாஜிஸ்திரேட் முறை வைத்து இருப்பார். அங்கே போகலாம், இ-ஃபைலிங்கில் மனுவை ஏற்றலாம், ஏறிய நேரம் பதிவாகும். மூன்றாம் தேதி பத்தரை மணிக்குப் போய்க்கொள்ளலாம் என்று உங்கள் வக்கீல் சொன்னால் விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் நானே கோட்டை விட்டவள். தொழிலுக்கு வந்து ஐந்தாவது வருடம். அறுபத்தோராவது நாள். மனு தயார். ஸ்டாம்பு வாங்கப் போன என் குமாஸ்தா வழியில் யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டு நின்றுவிட்டார். நான் மனுவை நீட்டும்போது பதினொன்று. குற்றப்பத்திரிகை பத்தரைக்கே மேசைக்கு வந்துவிட்டது. நாம் கேட்பதற்கு முன்னால் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். அந்த அரை மணி நேரத்துக்காக அந்த ஆள் இன்னும் நாலு மாதம் உள்ளே இருந்தார். குமாஸ்தாவைத் திட்டினேன். தப்பு என்னுடையது, முந்தின நாளே ஸ்டாம்பு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

நாம் முதலில் மனு போட்டுவிட்டால், அப்புறம் அவசர அவசரமாகக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாலும் பயனில்லை. இதை 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான், எம். ரவீந்திரன் வழக்கில், திட்டவட்டமாகச் சொன்னது. அதே வருடம் மதுரை சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்று. கொரோனாவால் எல்லாக் கெடுவும் தள்ளிப்போய்விட்டது, இதுவும் தள்ளும் என்று மதுரைக் கிளையில் ஜாமீன் மறுத்தார்கள். ஊரடங்கு என்றாலும் ஒரு மனிதனின் சுதந்திரத்துக்கான கெடு தள்ளாது என்று டெல்லியில் மாற்றினார்கள். இன்னொன்றும் நம் ஊர் வழக்குதான்: இந்த ஜாமீன் தர எட்டு லட்சம் கட்டு என்று போட்ட நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டிலிருந்து டெல்லி வரை போய் வந்த இந்த மூன்று தீர்ப்புகளும் என் மேசை இழுப்பறையில் எப்போதும் இருக்கும்.

ஜாமீன்தாரர்கள் இரண்டு பேரையும் இப்போதே சொல்லி வையுங்கள். வீட்டு வரி ரசீது, ஆதார், போட்டோ எல்லாம் ஒரு கவரில் போட்டு வையுங்கள். உத்தரவை வாங்கிவிட்டு ஜாமீன்தாரரைத் தேடி மரைக்காயர்பட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் அலைந்து, கோர்ட் கொடுத்த நேரம் தாண்டி, இடையில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் சிக்கல். வெளியே வந்த பிறகும் வழக்கு இருக்கும் என்பதை அவருக்கும் சொல்லுங்கள், சிலர் விடுதலை என்று நினைத்து வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

இதே கணக்கை எல்லா வழக்குக்கும் போடாதீர்கள். கஞ்சா 20 கிலோவுக்கு மேல் என்றால் 180 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் ஒரு வருடம் வரை போகும். உபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்திலும் 90ஐ 180 ஆக நீட்டலாம். பிரிட்டனில் பயங்கரவாத வழக்கில்கூடக் குற்றம் சாட்டாமல் வைத்திருக்க உச்சவரம்பு 14 நாள்தான்.

மச்சானுக்கு ஜாமீன் கிடைத்தது. மதுரை ஜெயில் வாசலில் வேட்டி சட்டையோடு காத்திருந்தோம். வெளியே விடவில்லை. கலெக்டர் குண்டாஸ் போட்டுவிட்டாராம். நீதிபதி கொடுத்த ஜாமீனுக்கு மதிப்பே இல்லையா?
— தொண்டி

ஜாமீன் நேற்று செய்ததாகச் சொல்கிற குற்றத்துக்கு. குண்டாஸ் நாளைக்குச் செய்துவிடுவாரோ என்கிற பயத்துக்கு. இரண்டும் வேறு வேறு கதவு. தடுப்புக் காவல் என்பது இதுதான்: குற்றம் சாட்ட வேண்டாம், சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம் இது. கள்ளச்சாராயம், போதைப்பொருள் என்று தொடங்கியது. பிற்பாடு வீடியோ திருட்டு, மணல், 2014இல் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும் என்று தலைப்புகள் வந்து சேர்ந்தன. நம் கடற்கரைப் பக்கம் தங்கக் கடத்தலுக்கு என்று தனியாகக் காஃபிபோசா, 1974ஆம் ஆண்டுச் சட்டம், இருக்கிறது.

இதிலும் நாள் கணக்குதான் உங்களுக்கு இருக்கிற ஒரே பிடி. உத்தரவு போட்ட தேதியை ஒரு தாளில் மேலே எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்குள் காரணங்கள் மச்சான் கைக்குப் போயிருக்க வேண்டும். பன்னிரண்டு நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உத்தரவு செத்துவிடும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு (உத்தரவுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கிற குழு) போக வேண்டும், ஏழு வாரத்துக்குள் அந்தக் கழகம் முடிவு சொல்ல வேண்டும். கழகத்தில் வக்கீல் வாதாட முடியாது. வக்கீல் அல்லாத நண்பரோ உறவினரோ கூட நிற்கலாம். நீங்களே நில்லுங்கள், ஆனால் போவதற்கு முன்னால் ஒருமுறை என்னைப் போல யாரிடமாவது உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.

அடுத்தது அந்தப் புக்லெட். உத்தரவுக்கு ஆதாரமான தாள்கள் என்று மச்சானிடம் நூறு, இருநூறு பக்கத்தில் ஒரு கட்டு கொடுத்திருப்பார்கள். அதை வெளியே வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். ஒரு கட்டில் 47ஆம் பக்கம் முழுக் கருப்பாக இருந்தது. ஜெராக்ஸ் மெஷினில் மை கொட்டியது போல, ஓர் எழுத்துத் தெரியவில்லை. அது ரிமாண்டு உத்தரவின் நகல். படிக்க முடியாத தாளைக் கொடுத்துவிட்டு, இதற்கு எதிராக முறையிட்டுக்கொள் என்றால் என்ன அர்த்தம்? அந்த ஒரு பக்கத்தில் உத்தரவு ரத்தானது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத் தாளை மொழிபெயர்க்காமல் கொடுத்தாலும் அதே கதிதான். முறையீட்டு மனு போட்ட பிறகு அது எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்று பார்க்க வேண்டும். விளக்கம் சொல்ல முடியாத தாமதம் ஒன்றே போதும், பல உத்தரவுகள் அதில்தான் விழுகின்றன.

2011இல் ரேகா என்பவர் தமிழ்நாட்டு அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கில், காலாவதியான மருந்துக்கு லேபிள் மாற்றி விற்ற வழக்கு அது, சாதாரணச் சட்டமே போதும் என்கிற இடத்தில் தடுப்புக் காவல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. நடைமுறையில், மதுரைக் கிளையில் உங்கள் ஆட்கொணர்வு மனு இறுதி விசாரணைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஜெயித்து வெளியே வருகிறவர் ஏற்கெனவே பாதித் தண்டனையை அனுபவித்திருப்பார். இதைச் சொல்லாமல் உங்களுக்கு நம்பிக்கை மட்டும் கொடுத்தால் நான் பொய் சொன்னதாக ஆகும்.

நாங்கள் 2006இல் வந்து முகாமில் இருக்கிறோம். தமையன் மன்னாரிலேயே தங்கிவிட்டார். போன மாதம் அவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்திருக்கிறார்கள். எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? இங்கிருந்து என்ன செய்யலாம்?
— மண்டபம் முகாம்

இலங்கையில் வழக்காட எனக்கு உரிமை இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தச் சட்டம் 1979இல் வந்தது. பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு என்று போட்டு 1982இல் நிரந்தரமாக்கினார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை. அதன்படி 72 மணி நேரத்துக்குள் நீதவான் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும், அல்லது அமைச்சரின் தடுப்புக் காவல் உத்தரவு இருக்க வேண்டும். ஒரு உத்தரவு மூன்று மாதம். முன்பு 18 மாதம் வரை நீட்டலாம், 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம். வைத்திருக்கிற இடத்துக்கு நீதவான் மாதம் ஒரு தடவையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. கைது செய்து 12 மாதம் ஆகியும் வழக்கு விசாரணை தொடங்கவில்லையென்றால் மேல் நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம். அதுவரை விளக்கமறியலில்தான், நம் கணக்கில் ரிமாண்டு.

உங்களுக்கு முக்கியமான கெடு வேறொன்று. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் உண்டு. (அங்கே உயர் நீதிமன்றம் என்பது கொழும்பில் இருக்கிற கடைசிக் கோர்ட், நம் கணக்கில் உச்ச நீதிமன்றம்.) அந்த மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கிற காலம் இந்தக் கணக்கில் சேராது. இந்தச் சட்டத்தில் யாரைப் பிடித்தாலும் 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. அண்ணியை நேரில் போகச் சொல்லுங்கள். போகிற நாளில் எழுதிக் கொடுத்த தாளின் பிரதியில் முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இந்த இதழ் வருகிற வரை காத்திருக்க வேண்டாம் என்று முகாம் விலாசத்துக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன்.

சட்டக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறேன். குற்றம் சாட்டாமல் சிறையில் வைக்கலாம் என்பதை அரசமைப்புச் சட்டமே, அதுவும் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலேயே, எப்படி எழுதி வைத்தது? வெள்ளைக்காரனிடம் அடிபட்டவர்கள்தானே எழுதினார்கள்?
— கீழக்கரை

தம்பி, இந்தக் கேள்விக்கு இன்னும் எனக்கே கோபம் அடங்கவில்லை. வழக்கில்லாமல் உள்ளே வைத்த 1818 வங்காள ஒழுங்குவிதி, 1919 ரௌலட் சட்டம் எல்லாம் பார்த்தவர்கள்தான். 1949 செப்டம்பரில் அம்பேத்கர் இந்த 22ஆவது பிரிவைக் கொண்டுவந்தபோது, கைதானவர்களுக்கு ஏதாவது பாதுகாப்பாவது இருக்கட்டும் என்கிற நினைப்பில்தான் கொண்டுவந்தார். நாட்டைப் பிரித்த ரத்தம் அப்போது காயவில்லை. பொதுக் கைதுக்கு 24 மணி நேரம் என்று ஒரு கையால் கொடுத்து, தடுப்புக் காவலுக்கு அது பொருந்தாது என்று மறு கையால் எடுத்தார்கள். அறிவுரைக் கழகத்தைக் கேட்காமல் மூன்று மாதம் வரை வைக்கலாம் என்று ஆயிற்று.

குடியரசு நாள் கழிந்து ஒரு மாதத்திலேயே, 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் வந்துவிட்டது. அதை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் போட்ட வழக்கு, எதிர்த்தரப்பு அன்றைய மதராஸ் மாநிலம், உச்ச நீதிமன்றத்தின் முதல் பெரிய வழக்குகளில் ஒன்று. கோபாலன் தோற்றார். அப்புறம் 1971இல் மிசா. 1976இல் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று நாலு நீதிபதிகள் சொன்னார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்ல 2017 வரை ஆயிற்று.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். உன் அரசமைப்புச் சட்டப் புத்தகத்தில் 22ஆவது பிரிவின் அடிக்குறிப்பைப் பார். 1978இல் 44ஆவது திருத்தம் அந்த மூன்று மாதத்தை இரண்டு மாதமாகக் குறைத்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அமலுக்கு வருகிற தேதியை மத்திய அரசு அறிவிக்க வேண்டும் என்று விட்டார்கள். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் அந்தத் தேதி இன்று வரை அறிவிக்கப்படவில்லை. எத்தனை அரசு மாறியது என்று நீயே எண்ணிக்கொள்.

எங்கள் காக்கா (அண்ணன்) மகனுக்கு 17 வயது. பைக் திருட்டு என்று பிடித்து, வயது 19 என்று எழுதியிருக்கிறார்கள். எப்படி மாற்றுவது?
— பெரியபட்டினம்

18 முடியாதவரை லாக்கப்பிலும் வைக்கக் கூடாது, ஜெயிலுக்கும் அனுப்பக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். அது இல்லையென்றால் நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், அதில் உள்ள வயதை யாரும் நம்ப மாட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூன்று ஜெராக்ஸ் எடுங்கள், ஒன்று மாஜிஸ்திரேட்டுக்கு, ஒன்று வக்கீலுக்கு, ஒன்று ஸ்டேஷனில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நேரம் போட்டுக் கையெழுத்து வாங்க. ஒரிஜினல் வீட்டுப் பீரோவிலேயே இருக்கட்டும்.